பொன்னுத்தங்கம் வீட்டுக் காலண்டர்

திருத்தங்கல்
14.12.2006

அன்பு மகன் மணிகண்டராஜுக்கு அம்மா எழுதுவது. இருக்கன்குடி மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம். உன் சுகத்தை உன்னிடம் கேட்கவேண்டியதில்லை, அதுதான் சாத்தூரில் உன் மாமியார் பொன்னுத்தங்கத்தைக் கேட்டால் விவரமாகச் சொல்கிறார்களே. முந்தாநாள் அவர்கள் பட்டாசுக் கம்பெனிக் காலண்டர் ஆர்டரைப் பார்க்க நம் அச்சகத்துக்கு வந்தார்கள். பட்டாசுக்காரர்களுக்குத் தீபாவளி முடிந்தால் ஓய்வு, நமக்கோ இப்போதுதான் சீசன். நான் கையெல்லாம் பசையோடு நிற்க, அவர்கள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "மதினி, மாப்பிள்ளைக்கு அந்தக் குளிர்ச் சீமையில மனசே ஒட்டலையாம், நாலு மணிக்கே இருட்டிருதாம், வேலைய விட்டுட்டு வந்துரவான்னு எங்கிட்டக் கேட்டாக" என்றார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. "ஆமா மதினி, எங்கிட்டயும் சொன்னான்" என்று பொய் சொல்லிவிட்டேன். ஐஸ்வர்யா சொன்னால் நியாயம், அவள் அவர்கள் பெற்ற மகள். நீ எதற்கு அங்கே போய்ச் சொன்னாய்? அம்மாவுக்கு வயிற்றெரிச்சல் என்று நினைத்தால் நினைத்துக்கொள், வயிற்றெரிச்சல்தான்.

அந்த எரிச்சலில் அவர்கள் ஆர்டரில் ஒரு கட்டுக் காலண்டர் முழுக்கத் தேதித் தாள்களைத் தலைகீழாக வைத்துப் பின் அடித்துவிட்டேன். மேலே பிள்ளையார் நேராக இருக்கிறார், கீழே ஜனவரி தலைகீழாகத் தொங்குகிறது. அப்பா பார்த்துவிட்டு, "ஏ செல்லத்தாயி, சம்பந்தி வீட்டு வருசத்தையே கவுத்திட்டியே" என்று சிரிக்கிறார். வேலையாட்களிடம் கொடுக்க வெட்கப்பட்டு நானே பின்னறையில் உட்கார்ந்து கழற்றினேன். அவசரப்பட்டால் தாள் கிழிந்துவிடும், ஒவ்வொன்றாக மெதுவாகத்தான் எடுக்கவேண்டும். இந்த சீசனில் அன்றைக்குத்தான் நான் ஓர் இடத்தில் உட்கார்ந்தது. கை தன்பாட்டுக்கு வேலை பார்க்க, மனசு உன்னிடம் வந்துவிட்டது. கார்த்திகைக்கு மறுநாள் நீ போன் பண்ணி, "அம்மா, ஒரு விசயம்" என்றாய், நான் "லாரி வந்து நிக்கிது, பெறகு பேசுலே" என்று வைத்துவிட்டேன். அந்த விசயம்தான் நேரே சாத்தூருக்குப் போயிருக்கிறது. உன்மேல் அவர்களுக்கு என்னைவிடப் பாசம் ஒன்றும் கிடையாது, நேரம் இருக்கிறது, அம்புட்டுத்தான். என் பிள்ளை கஷ்டத்தை நேரம் உள்ளவர்கள் கேட்டுக்கொண்டு போய்விட்டார்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கழற்றாமல் ஒரே ஒரு காலண்டரை உன் மாமியார் வீட்டுக்கென்று ஒளித்து வைத்தேன், அதையும் அப்பா பிடுங்கிக்கொண்டார்.

வேலையை விடுவதா வேண்டாமா என்று இப்போது சொல்லமாட்டேன், முழுசாகக் கேட்காமல் என்ன சொல்வது. குளிரில் தலைக்குக் கட்டிக்கொண்டு வெளியே போ, சாப்பாட்டை ஒத்திப்போடாதே. இந்தக் கடிதம் என்றைக்குக் கிடைக்குமோ தெரியாது, அதனால் இனி எல்லா ஞாயிற்றுக்கிழமையும் எத்தனை லோடு நின்றாலும் நான் அச்சகத்துக்குப் போகப்போவதில்லை. சீசனில் இப்படிச் சொன்னவளை இந்த ஊரில் பார்த்ததில்லை என்கிறார் அப்பா. பசையைக் கழுவிவிட்டுப் போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நீ அழுதாலும் சரி, பேசாமல் இருந்தாலும் சரி, நானாக வைக்கமாட்டேன்.

மாரியம்மன் உங்கள் இரண்டு பேரையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு உன்னைப் பெற்ற
செல்லத்தாய்

ஞாபகம் இருக்கட்டும், முதலில் இங்கே பேசு. சாத்தூருக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம், அவர்கள் காத்திருப்பார்கள், அவர்களுக்குத்தான் நேரம் இருக்கிறதே.