சூடு வைத்தவர் வீட்டுக்கே குழந்தையைத் திருப்பி அனுப்பும் உத்தரவை நிறுத்தக் கோரி

அனுப்புநர்:
வை. ராஜாத்தி (வயது 46),
க/பெ. வைரக்கண்ணு,
சமையலர், பள்ளிச் சத்துணவு மையம்,
மேலத் தெரு, தாழைமருதூர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: துன்புறுத்தப்பட்டு மீட்கப்பட்ட பதினொரு வயதுச் சிறுமியை, துன்புறுத்தியவரிடமே 14.08.2025 வியாழக்கிழமை ஒப்படைக்க இருப்பது – உடனே தடுத்து நிறுத்தவும், சம்பந்தப்பட்ட அலுவலகங்களை ஒரே இடத்தில் கூட்டி முடிவு செய்யவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. மகளிர் காவல் நிலைய முதல் தகவல் அறிக்கை, நாள் 10.07.2025.
2. குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு, நாள் 31.07.2025.

மாவட்டப் பொறுப்பைச் சுமக்கும் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

1. இந்தக் குழந்தைக்கு நீ என்ன உறவு என்று ஐந்து அலுவலகங்களில் என்னைக் கேட்டுவிட்டார்கள். தாங்களும் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். நான் உறவு இல்லை. நன்னிலத்தில் பிறந்து தாழைமருதூருக்கு வாக்கப்பட்டவள். பள்ளியில் அவளுக்கு ஐந்து ஆண்டுகளாகச் சோறு போடுகிறவள். சோறு போடுகிறவளுக்குப் பிள்ளை எப்படிச் சாப்பிடுகிறது என்பது தெரியும். அந்தத் தகுதியில்தான் இம்மனுவை எழுதுகிறேன்.

2. குழந்தையின் பெயரை எழுதக் கூடாது என்பது சட்டம். எழுதவில்லை. அவளுடைய சித்தப்பாவின் பெயரை எழுதினால் அவள் யாரென்று தெரிந்துவிடும் என்பதால் அதையும் எழுதவில்லை. முதல் தகவல் அறிக்கையில் இருக்கிறது. தகப்பனார் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தாயார் வளைகுடா நாட்டில் வீட்டு வேலை பார்க்கிறார். குழந்தை ஆறாம் வகுப்பு. சித்தப்பா குத்தகைக்கு நிலம் எடுத்துச் சாகுபடி செய்கிறவர், ஊரில் நாலு பேர் மதிக்கிறவர். அவர் வீட்டில்தான் குழந்தை இருந்தாள்.

3. கடந்த ஜூலை 2 புதன்கிழமை மதியம், வரிசையில் வந்தவள் தட்டை இடது கையில் நீட்டி, "ஆயாம்மா, கையில சூடு படாம ஊத்துங்க" என்றாள். எந்தப் பிள்ளையும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. வலது கையைப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே தோசைக் கரண்டியின் விளிம்பு அப்படியே பதிந்திருந்தது. அடுப்படிக்குப் பின்னால் அழைத்துப் போய்க் கேட்டேன். மாட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்களாம், இவள் வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாளாம், மாடு நாற்றங்காலில் இறங்கிவிட்டதாம். அதற்குச் சித்தப்பா வைத்த சூடு. இதற்கு முன்பும் அடி உண்டு என்றாள். ஒரு பாத்தி நாற்றின் விலை தெரிந்த மனிதருக்குப் பிள்ளையின் தோலின் விலை தெரியவில்லை.

4. அடுத்து நான் செய்தது பெருந்தவறு. அதை மறைத்துவிட்டு மற்றவர்களை மட்டும் குறை சொல்ல வரவில்லை. போலீசுக்குப் போனால் குடும்பம் சந்தி சிரிக்கும், நமக்குள் பேசி முடிப்போம் என்று எல்லா ஊரையும் போல நானும் நினைத்தேன். ஊர்ப் பெரியவர் பஞ்சநதம் அவர்களிடம் சொன்னேன். மறுநாள் மாலை பிள்ளையார் கோயிலில் கூடினார்கள். சித்தப்பா தலைகுனிந்து நின்றார். "இனிமே கை வைக்க மாட்டேங்க" என்று ஒரு முச்சலிக்கா எழுதிக் கொடுத்தார். "இத்துடன் சமாதானம் ஆகிவிட்டது, குடும்பத்தில் பிணக்கு இல்லை" என்ற வரியோடு அந்த உறுதிச் சீட்டு முடிந்தது. சாட்சியாக நானும் கையெழுத்துப் போட்டேன். குழந்தையைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

5. அடுத்த இரண்டு பள்ளி நாட்கள் அவள் வரவில்லை. ஜூலை 8 அன்று வந்தாள். வெளியில் சொன்னதற்காக இன்னொரு சூடு, இந்த முறை சட்டை மறைக்கும் இடத்தில். என்னைப் பார்த்து அவள் அழக்கூட இல்லை. நான்தான் அழுதேன். தலைமையாசிரியர் அனீஸா அவர்கள் முன்னிலையில், என் கைப்பேசியிலிருந்து, குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்தேன். அன்று மாலைக்குள் வானதி என்ற களப்பணியாளர் வந்துவிட்டார். அவர் செய்தது முழுவதும் முறையாக இருந்தது. அவரைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்களைப் பற்றித்தான் புகார்.

6. என்னிடம் ஒரு முறை சொன்னதைத் தலைமையாசிரியரிடம் சொன்னாள். பிறகு வானதியிடம். பிறகு மகளிர் காவல் நிலையத்தில், சீருடையோடு ஒருவர் எழுதிக்கொள்ள இன்னொருவர் கேட்க. அரசு மருத்துவமனையில் மருத்துவரிடம். கும்பகோணம் பேருந்தில் ஒன்றரை மணி நேரம் பயணித்துச் சேர்ந்த குழந்தைகள் இல்லத்தில் கண்காணிப்பாளரிடம். பிறகு குழந்தைகள் நலக் குழுவின் முன். ஒவ்வொரு இடத்திலும் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். ஒவ்வொரு இடத்திலும் "முதல்ல இருந்து சொல்லும்மா" என்றார்கள். எட்டாவதாக மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஆலோசகர் அம்மையார் ஒருவர் இல்லத்துக்கு வந்து அதே வாக்கியத்தில் ஆரம்பித்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை, அனுமதி பெற்று நானும் வானதியும் அங்கிருந்தோம். குழந்தை அவரை நிமிர்ந்து பார்த்து, "நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேங்க. நீங்க யாரும் யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களா?" என்று கேட்டாள். அதன் பிறகு அவள் அங்கே யாரிடமும் பேசுவதில்லை. அந்த அம்மையார் தம் படிவத்தில் "குழந்தை ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிக்கொண்டு போனார்.

7. இந்நிலையில்தான் பார்வை இரண்டில் கண்ட உத்தரவு வந்திருக்கிறது. குழந்தையை "நெருங்கிய உறவினரும் குடும்பத் தலைவருமான" சித்தப்பாவிடம் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஒப்படைக்க வேண்டுமாம். பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பதைக் கதையில் கேட்டிருக்கிறேன். முத்திரை குத்திய தாளில் இப்போதுதான் பார்க்கிறேன்.

8. இது எப்படி நடந்தது என்று நானே அலைந்து தெரிந்துகொண்டேன். மையத்தில் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு நான்கு மதியங்கள் பேருந்து ஏறினேன். காவல் நிலையத்தில், "எஃப்.ஐ.ஆர் காப்பி அன்னிக்கே குழுவுக்கு அனுப்பிட்டோம்மா" என்றார்கள். குழுவில் வரவில்லை என்றார்கள். தபால் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லி அரை நாள் உட்கார்ந்தேன். வந்திருக்கிறது, வேறொரு மேசையில் வேறொரு கோப்பில் கிடந்திருக்கிறது. குழந்தை குழுவின் முன் சொன்னதை எழுதிய தாளும் அதே கோப்பில்தான் கிடந்தது. குடும்ப நிலை அறிக்கை எழுத எங்கள் ஊருக்கு வந்த அலுவலர் பள்ளிக்கும் வரவில்லை, காவல் நிலையத்துக்கும் போகவில்லை. டீக்கடையில் விசாரித்திருக்கிறார். குடும்ப அட்டையில் தலைவர் பெயர் சித்தப்பாவுடையது. தாயாரின் பெயர் வெளிநாடு போனபோது நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே அறிக்கையின்படி அக்குழந்தைக்குத் தாய் இல்லை. தாயாரின் கைப்பேசி எண் வானதியிடம் இருக்கிறது. யாரும் வானதியைக் கேட்கவில்லை. கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பதுதான் நான் கண்ட நிலவரம்.

9. அந்த அறிக்கையோடு ஓர் ஆதாரம் சேர்த்திருக்கிறார்கள். குடும்பத்தில் பிணக்கு இல்லை, சமாதானம் ஆகிவிட்டது என்பதற்கு அத்தாட்சியாக, பிள்ளையார் கோயிலில் எழுதிய முச்சலிக்காவின் நகல். அதில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது. கோப்பில் அதை என் கண்ணால் பார்த்தேன். அக்குழந்தையைத் திருப்பி அனுப்புகிறவர்களில் நானும் ஒருத்தியாக இருக்கிறேன். எனவே ஐயா அவர்களின் முன் எழுத்து மூலம் அறிவிக்கிறேன். 03.07.2025 தேதியிட்ட அந்தச் சீட்டில் உள்ள என் கையெழுத்தை நான் திரும்பப் பெறுகிறேன். அது எழுதி ஐந்து நாளைக்குள் மீறப்பட்டது. குழந்தையைக் கேட்காமல் எழுதப்பட்டது. பஞ்சநதம் அவர்களும் இதையே சொல்லத் தயாராக இருக்கிறார். அவர் என்னைப் போல் ஆத்திரப்படுகிறவர் அல்ல, ஆனால் இரண்டு நாளாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி சொன்னார்.

10. இத்தனை அலுவலகங்கள் ஒன்றாக வேலை செய்வது நடைமுறைக்கு ஒத்துவராது என்று ஓர் அலுவலர் எனக்கு விளக்கினார். ஆளுக்கொரு சட்டப் பிரிவு, ஆளுக்கொரு மேலதிகாரி என்றார். நான் படித்தது பத்தாம் வகுப்பு. ஆனால் என் அடுப்படியில் தினமும் நடப்பது இது. சோறு இறக்கியதும் தலைமையாசிரியர் ருசி பார்க்கிறார், அமைப்பாளர் ருசி பார்க்கிறார், பெற்றோரில் ஒருவர் ருசி பார்க்கிறார். மூவரும் ஒரே பதிவேட்டில் கையெழுத்திடுகிறார்கள், அதன் பிறகுதான் பிள்ளைகளுக்குப் பரிமாறுகிறேன். மூன்று பேர் ருசி பார்க்க வேண்டும் என்பதற்காக நான் மூன்று முறை உலை வைப்பதில்லை. ஒரு கரண்டி சாம்பாருக்கு இருக்கிற ஏற்பாடு ஒரு குழந்தைக்கு இல்லை என்றால் அது சட்டத்தின் குறையல்ல, மனமில்லாத குறை.

11. எனவே நான் கேட்பவை:

(அ) வியாழக்கிழமை ஒப்படைப்பை நிறுத்தி வைக்க வேண்டும். தாயார் ஆகஸ்ட் 27 அன்று ஊர் திரும்புகிறார். பயணச்சீட்டின் நகலை இணைத்துள்ளேன். அதுவரை குழந்தை இல்லத்திலேயே இருக்கட்டும்.

(ஆ) காவல், மருத்துவமனை, குழு, பாதுகாப்பு அலகு, பள்ளி ஆகிய ஐவரும் தத்தம் தாள்களோடு தங்கள் முன் ஒரே மேசையில் உட்கார வேண்டும். மருத்துவரின் சான்றையும் அந்த முச்சலிக்காவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர்கள் படிக்க வேண்டும். குழுவின் செயல்பாட்டைப் பற்றிய குறைகளைக் கேட்கும் அதிகாரம் தங்களுக்கு உண்டு என்று வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறேன்.

(இ) இனி யாரும் அவளை முதலிலிருந்து சொல்லச் சொல்லக் கூடாது. அவள் சொன்னது ஏற்கெனவே எழுத்தில் இருக்கிறது. தேவைப்படுகிறவர்கள் அதைப் படிக்கட்டும். நீதிமன்றம் கேட்டால் அது வேறு.

(ஈ) அவளுக்கென்று பொறுப்பான ஒருவரை, பெயர் சொல்லி, நியமிக்க வேண்டும். வானதியே இருக்கலாம். அவரைக் கண்டால் மட்டும்தான் குழந்தை எழுந்து வருகிறாள்.

12. ஆட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதித் தருகிறவர் இதைப் படித்துவிட்டு, "இவ்வளவு காரமா எழுதினா வேலைக்கு ஆகாதும்மா, நாலு எடத்துல கனிவுடன்னு போடுங்க" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் போடவில்லை. சத்துணவு மையத்தில் என் வேலைக்கு ஆபத்து வரும் என்றும் ஊரில் சொல்கிறார்கள். சித்தப்பாவுக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள், வரட்டும். நான் சமைத்த சோற்றில் குறை கண்டால் என்னை நீக்கட்டும். ஒரு பிள்ளையின் கையைப் பார்த்ததற்காக நீக்கினால் அந்தக் காரணத்தை எழுதிக் கொடுக்கட்டும்.

13. மக்கள் குறைதீர்க்கும் நாள் திங்கட்கிழமைதோறும் நடக்கிறது. இம்மனு வழக்கம்போல் பதிவாகி, எண் இடப்பட்டு, "உரிய நடவடிக்கைக்காக" அதே குழுவுக்கே போய்ச் சேர்ந்தால் அடுத்த திங்கட்கிழமைக்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஆகவே பதில் கடிதம் எதிர்பார்க்கவில்லை. வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நானும் தலைமையாசிரியரும் இல்லத்தின் வாசலில் நிற்போம். ஐயா அவர்களின் ஆணை எங்களுக்கு முன்னால் வந்திருந்தால் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம். வரவில்லை என்றால், சித்தப்பா குழந்தையின் கையைப் பிடித்து வெளியே வரும்போது நாங்கள் வழிவிடப் போவதில்லை. அரசுப் பணிக்கு இடையூறு செய்ததாக எங்கள் மீது வழக்குப் போடலாம். அந்த வழக்கில் வாக்குமூலம் கேட்பார்கள் அல்லவா, அப்போது முதலிலிருந்து சொல்ல நான் இருக்கிறேன். எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

இணைப்பு: முதல் தகவல் அறிக்கை நகல், குழுவின் உத்தரவு நகல், தாயாரின் பயணச்சீட்டு நகல்.

நாள்: 11.08.2025
இடம்: தாழைமருதூர்

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
வை. ராஜாத்தி