நிறுத்தாத மாத்திரை

தஞ்சாவூர்,
14.7.1995

அன்பு மச்சானுக்கு மெஹராஜ் பேகம் ஸலாம் சொல்லி எழுதுவது. தம்மாமில் இப்போது வெயில் கொல்லுமே, அல்லாஹ் உங்கள் உடம்பைக் காப்பாற்றட்டும்.

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்துத் திடுக்கிட்டிருப்பீர்கள். அய்யம்பேட்டையில் நம் வீட்டில் இல்லை. இங்கே ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். எஸ்.டி.டி. பூத்துக்கு வெளியே பத்துப் பேர் நிற்கும்போது நான் எப்படி அழுவது?

இரண்டு மாதமாக இடுப்பு வலி. காலும் வீங்கி, சிறுநீரும் குறைந்துபோனது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், முதுகெலும்புக்கு முன்னால் தழும்பு போல ஏதோ கெட்டியாக வளர்ந்து, கிட்னியிலிருந்து இறங்கும் இரண்டு குழாயையும் நெரிக்கிறதாம். இடது கிட்னி சுருங்கியே போய்விட்டது. வலதையாவது காப்பாற்ற வேண்டுமென்றால் வயிற்றைத் திறந்து, குழாயை அந்தத் தழும்பிலிருந்து பிரித்தெடுக்க வேண்டுமாம். மறுபடி ஒட்டாமலிருக்க வயிற்றுக் கொழுப்பையே அதைச் சுற்றி வைத்துத் தைப்பார்களாம்.

வெளிநாட்டு மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா என்று டாக்டர் வைத்தியலிங்கம் கேட்டார். நஜ்மா என் பையிலிருந்து அந்த ஒற்றைத் தலைவலி மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினாள். இடைவெளி விடாமல் வருடக்கணக்கில் சாப்பிட்டால் சிலருக்கு இப்படி வருமாம். அத்தா அனுப்புனதுதானே என்று வாயை விட்டாள் உங்கள் மகள். பளாரென்று அறைந்துவிட்டேன். பதினாறு வயதுப் பெண்ணை, வார்டே பார்க்க.

மச்சான், உங்கள் மேல் தப்பே இல்லை. ஆறு மாதம் சாப்பிட்டால் ஒரு மாதம் நிறுத்து என்று படித்துப் படித்து எழுதினீர்கள். நிறுத்திவிட்டேன் என்று நான்கு வருடமாகப் பொய் எழுதியவள் நான்தான். நிறுத்தினால் மண்டை பிளந்தது. இன்னொன்றும் உண்டு, சொல்ல வெட்கமாக இருக்கிறது. காதர் மைதீன் அண்ணன் அங்கிருந்து லீவில் வரும்போதெல்லாம் நீங்கள் என் பெயர் எழுதிய பொட்டலம் வரும். மாத்திரை மீதி இருக்கிறது என்றால் அடுத்த தடவை அனுப்ப மாட்டீர்களே.

வரும் வியாழக்கிழமை ஆபரேஷன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். பயமாக இருக்கிறது மச்சான், இனிமேல் பொய் எழுத மாட்டேன். நான் எழுந்தாலும் எழாவிட்டாலும், அந்த மாத்திரையைப் பற்றி நஜ்மாவிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. நீங்கள் அழுதால் அவள் தாங்க மாட்டாள்.

ஊருக்கு வந்தால் பெட்டி எங்கே என்று தெருவே கேட்கும். கேட்டுவிட்டுப் போகட்டும். கையை வீசிக்கொண்டு வாங்க மச்சான்.

உங்கள் துஆவை நம்பிப் படுத்திருக்கும்
மெஹராஜ்