வீட்டுப்பாடத்தில் வந்த என் பெயர்

மத்திகிரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஆனந்துக்கு அம்மா எழுதுவது. வீட்டில் நாங்கள் சுகமாகத்தான் இருக்கிறோம், உன் உடம்பும் மனசும் அங்கே நன்றாக இருக்கவேண்டும் என்றுதான் தினமும் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்குக் கம்பெனியில் மறுபடியும் ஷிப்ட் மாற்றிவிட்டார்கள், தூக்கம் கெட்டு எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். புனேயில் மழை விடவே இல்லையாமே, ஈரத் துணியோடு வேலைக்குப் போகாதே. தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். உன் குரலைக் கேட்டால் மழுப்பிவிடுவேன் கண்ணு, அதனால்தான் எழுதுகிறேன்.

நம் தெரு வாட்ஸ்அப் குழு உனக்குத் தெரியும், பாதிப் பேர் திருநெல்வேலி, மதுரைப் பக்கமிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். கன்னடத்தில் எது வந்தாலும் டீச்சர், இதுல என்னா போட்டிருக்கு என்று என்னைத்தான் கேட்பார்கள். எல்லையோரம் கெலமங்கலத்தில் பிறந்தவளுக்குக் கன்னடம் படிக்க வருவது பெரிய விஷயமா, ஆனாலும் எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. போன மாதம் எதிர்வீட்டு மேகலா ஒரு படம் போட்டாள், பிள்ளைகளைத் தூக்குகிற கும்பல் ஒன்று கர்நாடகத்து மாலூர்ப் பக்கமிருந்து பைக்கில் எல்லை தாண்டிப் போகிறது என்று கன்னடத்தில் எழுதியிருந்தது. எங்கே நடந்தது, எப்போது நடந்தது, யார் சொன்னது, ஒன்றும் பார்க்கவில்லை. வகுப்பில் தொண்டை வறள நான் சொல்லிக்கொடுக்கிற கேள்விகளே அவைதான். அடுப்பில் குழம்பு கொதிக்கக் கொதிக்கத் தமிழில் எழுதிப் போட்டேன். கன்னடம் பேசும் ஆள் பிள்ளையோடு வந்தால் விடாமல் விசாரியுங்கள் என்று கடைசி வரியை நானே சேர்த்தேன், அது அந்தப் படத்தில் இல்லவே இல்லை. குழுவில் கும்பிடு கும்பிடாக வந்து விழுந்தது, எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த வாரமே மாலூரிலிருந்து சென்னப்பன் என்பவர் தன் மகளை பைக்கில் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அவர் பெண்டாட்டி இங்கே ஒரு கார்மென்ட்ஸில் வேலை பார்க்கிறாள், அம்மாவைப் பார்க்கவேண்டும் என்று பிள்ளை அழுததால் வந்திருக்கிறார். அழுகிற பிள்ளை, கன்னடம் பேசுகிற ஆள், நம் தெருக்காரர்களுக்கு அது போதுமாக இருந்தது. என் மகள்தான் என்று அவர் கன்னடத்தில் கெஞ்சக் கெஞ்ச அடி கூடியிருக்கிறது. கை உடைந்துவிட்டது, பிள்ளை அத்தனையும் பார்த்துக்கொண்டு நின்றதாம். அது எந்த ஊரிலோ என்றோ கிளம்பிய புரளி என்று போலீஸ் வந்து சொன்ன பிறகு, நான் போட்டதை அழித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

இதற்குப் பிறகும் ஒன்பதாம் வகுப்புக்கு வழக்கமான வீட்டுப்பாடத்தைக் கொடுத்தேன் பார். போனில் வந்த ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு, உங்களுக்கு யார் அனுப்பினார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டு, முதலில் போட்டவரைப் பிடித்து வரவேண்டும். பின்தெரு வெங்கடப்பன் மகள் தர்ஷினி எழுந்தாள். அந்தப் புள்ள புடிக்கிற மேட்டர எடுத்தேன் மிஸ், எங்கம்மாவுக்கு சாந்தம்மா அக்கா அனுப்புனாங்க, அவங்களுக்கு குரூப்ல வந்துச்சாம், குரூப்ல தமிழ்ல போட்டது நீங்கதான்னு சொல்றாங்க மிஸ் என்றாள். குறும்பு ஒன்றும் இல்லை, கணக்குக்கு விடை வந்த சந்தோஷம்தான் முகத்தில். வகுப்பே என்னைப் பார்த்தது. குழுவில் இருக்கிறதா, எங்கே காட்டு என்றேன். அழித்தவளுக்குத் தெரியாதா இல்லையென்று. யாரோ சொன்னதை அப்படியே நம்பிவிட்டு வந்து நிற்கிறாயே, இதைத்தான் இத்தனை நாள் படித்தாயா என்றும் கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள், அவள் உட்கார்ந்துவிட்டாள். அடித்தவர்களைவிட என்னை நினைத்தால்தான் எனக்கு அருவருப்பாக இருக்கிறதடா.

நேற்று குழுவில் உண்மையை எழுதிவிட்டேன். அடுத்த வாரம் அப்பாவும் நானும் மாலூர் போகிறோம், எந்த முகத்தோடு அந்த மனுஷர் முன்னால் நிற்பேனோ. இன்று காலை தர்ஷினி வீட்டுக்குப் போய், நீ கண்டுபிடித்ததுதான் சரி, எழுதியதும் நான், அழித்ததும் நான் என்று சொன்னேன். இல்ல மிஸ், நான்தான் ஒழுங்கா விசாரிக்கல, நீங்க போய் அப்பிடியெல்லாம் போடுவீங்களா, எனக்காகத்தான சொல்றீங்க என்று சொல்லி காபி கொண்டுவந்து கொடுத்தாள். எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. வகுப்பில் டீச்சர் சொன்னதுதான் உண்மை என்று அந்தப் பிள்ளை முடிவுகட்டிவிட்டது.

வேளைக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. என் ஆயுசும் சேர்த்து நீ நன்றாக இருக்கவேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அந்தச் செய்தியை அன்றைக்கு உனக்கும் அனுப்பியிருந்தேன். என் போனில் எல்லா இடத்திலும் அழித்துவிட்டேன், என் பெயரோடு அது இருப்பது இனி உன் போனில்தான். கடிதம் கைக்கு வந்ததும் அதை அப்படியே படம் பிடித்து அனுப்பு. தர்ஷினி அதை வகுப்பில் எல்லோர் முன்னாலும் படிக்கவேண்டும், கடைசி வரி வரைக்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ராஜலட்சுமி