அரைஞாண் கயிறும் டைசனும்

ஜூன் 11
முழங்கைக்கு மேல் வட்டமாக ஒரு தடிப்பு. ஓரம் சிவப்பு, நடுவில் ஒன்றுமில்லை. எங்கள் நாய் டைசனுக்கும் காதோரம் முடி கொட்டி அதே மாதிரி வட்டம். "ரெண்டு பேரும் கொஞ்சுற கொஞ்சலுக்கு இது வேற வராதா?" என்று வீட்டுக்காரர் சிரித்தார். அடுத்தவர் அரிப்பு என்றால் இவருக்குச் சிரிப்பு.

ஜூன் 16
மருந்துக் கடையில் கேட்டு ஒரு டியூப் வாங்கிப் பூசினேன். இரண்டே நாளில் அரிப்பு போன இடம் தெரியவில்லை.

ஜூன் 29
போன அரிப்பு குடும்பத்தோடு திரும்பிவிட்டது. கை, கழுத்து, முதுகு. இவர் இன்று சிரிக்கவில்லை. "எல்லாம் நாயாலதான். பூதலூர் ரயில் ஸ்டேஷன்ல விட்டுர்றேன், நாலு பேரு சோறு போடுவாங்க." வேண்டாம் என்றேன். அழுத்திச் சொல்லவில்லை. எனக்கும் அதே சந்தேகம்தான்.

ஜூன் 30
விட்டுவிட்டு வந்தார். ஒரு பன் வாங்கிப் போட்டு, அது தின்கிற நேரத்தில் ஸ்கூட்டரை எடுத்துவிட்டாராம்.

ஜூலை 3
சோறு மிஞ்சுகிறது.

ஜூலை 18
நாய் போயும் அரிப்பு போகவில்லை. தஞ்சாவூரில் தோல் டாக்டரம்மாவிடம் போனோம். படர்தாமரை. என் டியூப்பைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "இது அரிப்பை அடக்கும், பூஞ்சையை வளர்க்கும்மா." நாயிடமிருந்து நமக்கும் வருமாம், நம்மிடமிருந்து நாய்க்கும் போகுமாம்.

"வீட்ல யாருக்கு முதல்ல வந்துச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் வேட்டியைச் சற்று இறக்கினார். அரைஞாண் கயிறு ஓடுகிற வழியெல்லாம் கருத்த வட்டங்கள். "மாசியிலேருந்து இருக்குங்க. கயிறு உரசுதுன்னு நெனச்சேன்."

மாசி! டைசனைக் குளிப்பாட்டித் துவட்டுவது இவர் இடுப்புத் துண்டால்தானே?

கயிற்றை அறுத்துப் போடச் சொன்னார் டாக்டரம்மா. "பொணத்துக்குத்தாங்க அறுப்பாங்க" என்று இவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். கயிற்றை விட மனசு வரல, நாயை விட மட்டும் வந்துச்சா? அடப் பாவி மனுசா, உன் இடுப்புல இருந்ததுக்கு அது தெருவுல நிக்குதே!

ஜூலை 19
புதுக் கயிறு கட்டிய பிறகுதான் பழையதை அறுக்கவிட்டார். துண்டு, பாய், தலையணை உறை எல்லாம் வெந்நீரில்.

ஜூலை 21
இவரே கூப்பிட்டார். பூதலூர் போனோம். ஸ்டேஷன் வாசலில் உபைதுல்லா பாய் டீக்கடை, பெஞ்சுக்கு அடியில் டைசன். காதோரம் முடி நன்றாக முளைத்திருந்தது.

"என்ன மருந்து பாய் போட்டீங்க?"

"ஒண்ணும் போடலம்மா. தானா சரியாயிருச்சு."

எங்களை விட்டு வந்ததும் சரியாகிவிட்டது! எங்களுக்கு இன்னும் ஆறு வாரம் மாத்திரை. அதுவரை இங்கேயே இருக்கட்டும் என்று பாயிடம் சொன்னோம். சரி என்றார்.

கிளம்பும்போது டைசன் ஓடிவந்து ஸ்கூட்டரில் தாவி, முன்னால் உட்கார்ந்துகொண்டது. இவர் என்னைப் பார்த்தார். "இறங்கு" என்று நான்தான் சொன்னேன். இறங்கியது.