நீரில் முடியும் குறுக்கெழுத்து

குன்னூர்,
வெள்ளிக்கிழமை காலை

அன்பு மகள் லோயிஸுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம். நீயும் அந்தக் கார்டிஃப் குளிரில் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க இருவேளையும் ஜெபிக்கிறோம். இங்கே மூன்று நாளாக விடாத மழை, துவைத்த துணி ஒன்றும் காயவில்லை. தினமும் போனில் பேசுகிறவன் கடிதம் போடுகிறானே என்று பயந்துவிடாதே, நல்ல செய்திதான். போனில் சொன்னால் அம்மா காதில் விழும், அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவளைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

பக்கவாதம் வந்து நாலு மாதம் ஆகிறது. இப்போது தடி இல்லாமல் கேட் வரை நடக்கிறாள், ஆனால் சமீபம் வரை ஆமா, இல்லை என்பதைத் தாண்டி வாயில் எதுவும் வரவில்லை என்பது உனக்கே தெரியும். அவளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் ஷைனா, "ஏதாச்சும் ஒரு சொல்லப் புடிச்சுக்கங்க அங்கிள், அதையே சுத்திச் சுத்திக் கேளுங்க" என்றாள். சபைப் பத்திரிகையில் பத்தொன்பது வருஷம் குறுக்கெழுத்து தயாரித்த உன் டீச்சர் அம்மாவுக்கு வேறு எதைக் கொடுப்பது? நான் நீர் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன். எல்லா விடையும் நீரில்தான் முடியும். குன்னூரில் காலையில் இது இல்லாமல் குளிக்க முடியாது, வெந்நீர். கல்யாண வாசலில் தெளிப்பது, பன்னீர். மேட்டுப்பாளையத்திலிருந்து வண்டியேறி வருவது, இளநீர். தினமும் கேட்பேன், அவள் உதடு அசையும், அதற்குள் பொறுக்க மாட்டாமல் விடையை நானே சொல்லிவிடுவேன். இப்படியே ஒரு மாதம் ஓடியது.

போதகர் ஐயா இதைக் கேள்விப்பட்டு இந்த மாதப் பத்திரிகைக்கு அதையே குறுக்கெழுத்தாக எழுதித் தரச் சொன்னார். முப்பது வருஷம் டீ ஃபேக்டரி ஆபீஸில் ரெஜிஸ்டர் எழுதினவன் நான், ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மேனேஜர் மெமோ கொடுத்துவிடுவார். அந்தப் பழக்கத்தில் எல்லாக் கட்டத்திலும் விடையை முத்து முத்தாக எழுதிக் கொடுத்துவிட்டேன், அவர்களும் அப்படியே அச்சடித்துவிட்டார்கள்! ஆராதனை முடிந்து வெளியே வந்தால் ஒரே சிரிப்பு. "ஏனுங்க மோசஸ் அண்ணா, நீங்களே எல்லாத்தையும் போட்டுட்டா நாங்க என்னத்தப் போடறதுங்க" என்று பிரசாத் கேட்டான். மானம் போய் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினேன். பார்த்தாள், தோள் குலுங்கச் சிரித்தாள், நாலு மாதத்தில் முதல் சிரிப்பு. அப்புறம் பழைய டீச்சர் முகம் வந்துவிட்டது. கண்ணீருக்கு 'துக்க வீட்டில் சிந்துவது' என்று குறிப்பு கொடுத்திருந்தேன். அதில் விரலை வைத்து, சரியில்லை என்று தலையை ஆட்டினாள். நான் வாயைத் திறக்கப் போனேன், பிரசாத் கேட்டது மனசில் குத்தியது, பேசாமல் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரமோ தெரியவில்லை, அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நான் எழுந்திருக்கவில்லை. அவள் சமையலறைப் பக்கம் கையைக் காட்டி "வெங்காயம்" என்றாள். தெளிவாக, கண்ணு, முழுசாக! சபைப் பத்திரிகையில் துக்கமெல்லாம் எதற்கு, வெங்காயம் நறுக்கினால் வருவது என்று போட்டால் போதாதா என்கிறாள். நான் அழுதுவிட்டேன். அன்றிலிருந்து பதினாலு சொற்கள் வந்திருக்கின்றன, காலண்டரில் குறித்து வைக்கிறேன்.

அதனால் வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று சொன்னாயே, அது வேண்டாம். கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தால் போதும். நீ வீடியோவில் வந்தால் அம்மா உன்னோடு பேசாமல் எழுந்து போகிறாளே என்று நீ வருத்தப்படுவது எனக்குத் தெரியும். காரணம் உன்மேல் கோபம் இல்லை கண்ணு. உன் பெயர் அவளுக்கு இன்னும் வரவில்லை. பெற்ற பிள்ளை பெயரைச் சொல்ல முடியாமல் உன் முகத்தைப் பார்க்க அவளுக்கு வெட்கம். நேற்று நான் கேட்டேன், பேசுகிறேன் என்று தலையசைத்தாள். கடிதம் கிடைத்ததும் ஞாயிறு மத்தியானம் வீடியோவில் கூப்பிடு.

கர்த்தர் உன்னைக் காத்து, உன் கையின் வேலையை ஆசீர்வதிப்பாராக. ஸ்வெட்டர் போடாமல் டியூட்டிக்குப் போகாதே. ஒன்று மட்டும் மறக்காதே, அம்மா உன் பெயரைத் தேடும்போது நீ எடுத்துக் கொடுத்துவிடாதே. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிரு. எவ்வளவு நேரமானாலும் சரி, நானும் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டுதான் இருப்பேன்.

உன் அன்பு அப்பா,
மோசஸ்