வாசலில் கேட்ட 'எங்கே'

நவம்பர் 14, வெள்ளி. ரெனான் நகரம்.

கேட்டேவிட்டேன்.

என் சம்பந்தி, மருமகளின் தாய், ஃபாரோ தீவுக்காரி. போன தடவை வந்தபோது என் கருவாட்டுக் குழம்பைக் கண்டதும் எழுந்துபோய் யன்னலைத் திறந்தாள். ஆட்டிறைச்சியை மாதக்கணக்கில் காற்றில் தொங்கவிட்டுத் தின்கிறவள்! தாயும் மகளும் தங்கள் பாஷையில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புக்காகவே வேலைக்குப் போகும் மெட்ரோவில் ஃபோனை வைத்து ஃபாரோ மொழி படித்தேன். முதல் பாடம் கேள்விச் சொற்கள். யார், என்ன, எங்கே, ஏன். 'எங்கே' என்பதற்கு 'குவார்'. அது ஒன்றே எனக்குப் போதும் என்று நினைத்தேன்.

இப்போது என் மகனுக்குத் தன் தீவிலேயே வேலை பார்த்துவிட்டாள். இன்று காலை நேர்முகத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏற வெளிக்கிட்டாள். வெளிக்கிடுகிற ஆளிடம் 'எங்கே' என்று கேட்டால் போகிற காரியம் சரிவராது. நாங்கள் 'தூரவோ' என்றுதான் கேட்போம். அவள் சப்பாத்தைப் போட்டு நிமிரும்வரை காத்திருந்தேன்.

"குவார் ஃபெர்ட் டூ?" என்றேன். எங்கே போகிறாய்?

தன் மொழியில் நான் கதைத்துவிட்டேன் என்று கண் கலங்கிக் கட்டிப்பிடித்தாள். மருமகள் கைதட்டினாள். பெட்டியோடு பின்னால் நின்ற கஜன் மட்டும் சிரிக்கவில்லை.

"அம்மா, நானும்தானே போறன்."

வேலை கிடைக்கக் கூடாது என்று மட்டும்தான் அப்படிக் கேட்டேன். விமானத்தை நினைக்கவில்லை. இறங்கியதும் ஃபோன் எடுக்கிறேன் என்றவன். இரவு மணி பதினொன்றரை. இன்னும் எடுக்கவில்லை.