பெயர் பிறகு சொல்லப்படும் ஆளுக்காக என்னை மாற்றிக் கொடுத்தது குறித்து

அனுப்புநர்
வெர்லின் ஸ்டக்கி, வயது 71,
ரயில் பாதை ஓரம், மூன்றாவது வீடு,
ஹாலெட் கிரீக், இந்தியானா.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
நகரப் பூங்கா மற்றும் விளையாட்டுத் துறை,
ஹாலெட் கிரீக்.

பொருள்: அறுபது வயது கடந்தோர் கூடைப்பந்துப் போட்டி – கிடங்கு அணியிலிருந்து சூளை அணிக்கு நான் மாற்றப்பட்டது – சீட்டில் காலியாக உள்ள பெயரை நிரப்ப வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் ஜோலீன் எழுதுகிறாள். ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். எழுத்துதான் இல்லையே தவிர நினைவு உண்டு. இந்த ஊரில் எவன் எந்தக் கையால் பந்து தட்டுவான், எவனுக்கு எந்த வருடம் முதுகு பிடித்தது என்பதெல்லாம் என்னிடம்தான் கேட்பார்கள். அணிகள் தங்களுக்குள் ஆள் மாற்றும் நாளில் ஒவ்வொருவருக்கும் மதிப்பு சொல்கிறவன் நானே.

2. கிடங்கு அணித் தலைவர் டெல்மர் ஹோக்லண்டும் நானும் அவர் அப்பாவின் களஞ்சியச் சுவரில் வளையம் அடித்து விளையாடத் தொடங்கியபோது எங்களுக்கு வயது எட்டு. அவர் அணியில் பதினொரு குளிர்காலம் ஆடினேன். ஆட்டத்துக்குப் போகும்போது அவர் வண்டியின் முன் இருக்கை எனக்கு. தானியக் கிடங்கு அலுவலகத்தில் அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியும் எனக்கு.

3. சென்ற நவம்பரில் ஃபோர்ட் வெயினிலிருந்து கார்லண்ட் பீச்சம் என்பவர் வந்து அணியில் சேர்ந்தார். அறுவை செய்து இரண்டு முட்டியும் புதிதாக வைத்துக்கொண்டவர். வெள்ளைக் காலணி. வந்த இரண்டாம் வாரமே முன் இருக்கையில் அவர், பின் இருக்கையில் பந்துப் பையோடு நான். டெல்மரின் மனைவி செய்யும் பெர்சிமன் பழ புட்டிங் எனக்குப் பதினொரு வருடத்தில் மூன்று முறை வந்தது. மூன்றும் ஓரத் துண்டு. கார்லண்டுக்கு முதல் வாரமே நடுத் துண்டு. இதைப் புகாராக எழுத வேண்டாம் என்கிறாள் ஜோலீன். எழுது என்றேன்.

4. ஆள் மாற்றும் நாள் தங்களுக்குத் தெரியும். ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை காலை, கிடங்கு அலுவலகம். யாரைப் பற்றிப் பேசுகிறார்களோ அவர் மனம் நோகாதபடி வெளியே போய் லாரி எடைமேடையில் நிற்க வேண்டும். அன்று கார்லண்டை சூளை அணிக்குக் கொடுத்து அவர்களிடம் இரண்டு பேரை வாங்கலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். கார்லண்ட் வெளியே போனார்.

5. சூளை அணித் தலைவர் ஏமஸ் க்ராபிலிடம் நான் சொன்னது: “டேய் ஏமஸ், இந்த ஒரு ஆளு ரெண்டு ஆளுக்குச் சமம்டா. பத்து போட்டா பத்தும் விழும். முட்டி ரெண்டும் புத்தம் புதுசு.” அதற்கு அவர், “முட்டி புதுசு சரி, மேல இருக்கறதெல்லாம் பழசுதானேடா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் விடவில்லை. “உங்க ஃபிளாய்டு அந்தப் பக்கத்துலேர்ந்து ஓடி வர்றதுக்குள்ள பனியே உருகிடும். இவன் வந்தா கோப்பை உங்களுக்குத்தான்” என்று ஏற்றிக்கொண்டே போனேன். டெல்மர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். “வெர்லின் மதிப்பு சொன்னா தப்பாது. ரெண்டு ஆளுக்குச் சமம்னா நான் எதுக்குடா இவனக் குடுக்கணும்?” என்றார்.

6. கார்லண்டைக் கழித்துக் கட்டத்தான் அப்படிப் பேசினேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் சொன்னதில் பொய் இல்லை, அம்மையீர். அவருக்குப் பத்தும் விழுகிறது. அதுதான் வயிற்றெரிச்சல்.

7. “அப்ப எனக்கு உயரமா ஒரு ஆளாவது குடு” என்று ஏமஸ் கேட்டார். டெல்மர் என் முகத்தைப் பார்க்காமல், “வெர்லின், நீ கொஞ்சம் வெளிய நில்லுடா” என்றார். எடைமேடையில் இருபது நிமிடம் நின்றேன். லாரிக்கு ஆடுகிற முள் ஒரு மனிதனுக்கு அசையாது. சன்னல் வழியே பார்த்தேன். உள்ளே கூப்பிடப்பட்ட கார்லண்ட் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் மதிப்பைச் சொல்ல உள்ளே ஆள் இல்லை. மதிப்பு சொல்கிறவன்தான் வெளியே நிற்கிறானே. திரும்பி வந்தபோது மாற்றுச் சீட்டு தயார், படித்துக் காட்டினார்கள். எனக்கு மாற்றாகக் கிடங்கு அணிக்கு வருபவர்: பெயர் பிறகு சொல்லப்படும். டெல்மர், “போயிட்டு வாடா, அங்க உன்ன நிறைய நேரம் ஆட விடுவாங்க” என்றார். என் குறியைப் போட்டுக் கொடுத்தேன்.

8. கொடுத்த வாக்கை ரத்து செய்யக் கேட்கவில்லை. சூளை அணிக்கு இரண்டு ஆட்டம் ஒழுங்காக ஆடி ஆறு புள்ளி போட்டேன். ஆனால் ஜனவரி 31க்குள் அந்தப் பெயரைச் சொல்லியாக வேண்டும், அது சூளை அணி ஆளாக இருக்க வேண்டும் என்பது விதி. நான் இப்போது சூளை அணி ஆள். அந்த இடத்தில் என் பெயரையே எழுதும்படி வேண்டுகிறேன். ஏமஸுக்குச் சம்மதம். “உன்ன வாங்கினதுலேர்ந்து டெல்மர் புராணமே கேட்டுக்கிட்டிருக்கேன், போய்த் தொலைடா” என்று சாட்சிகள் முன்னால் சொன்னார். எனக்கு மாற்றாக நானே போனால் அதைவிடச் சரிசமமான மாற்று இந்த மாவட்டத்தில் நடந்ததில்லை. மதிப்பு சொல்கிறவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

9. ஆள் பெறுகிற தலைவரைக் கேட்கத் தேவையில்லை என்றும் விதி இருக்கிறது. ஆனாலும் பேனாவை எடுக்குமுன் டெல்மரை ஒருமுறை கேட்டுவிடுங்கள். முன் இருக்கை வேண்டாம், பின் இருக்கையே போதும் என்று நான் சொன்னதாகவும் சொல்லுங்கள். அவர் சரி என்றால் எழுதுங்கள். இல்லை என்றால் வேறு யார் பெயரையாவது எழுதிக்கொள்ளுங்கள். அது யார் என்று மட்டும் எனக்குத் தெரிவிக்க வேண்டாம்.

இடம்: ஹாலெட் கிரீக்
நாள்: 24 ஜனவரி 2011

இங்ஙனம்,
X
(வெர்லின் ஸ்டக்கியின் குறி)

கேட்டு எழுதியவர்: ஜோலீன் ஸ்டக்கி